மொத்த எடை சரி, ஹவுசிங்கில் 1,790 கிலோ அதிகம்: ஒரு காயில் டிரெய்லரின் கதை

சங்ககிரியில் லாரிகளுக்குப் பட்டை, அதாவது அச்சின் மேல் பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள், கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே வண்டி ஒரே வேலைக்காக மூன்றாவது முறை வந்து நின்றால், கூலி வருகிறதே என்று சும்மா இருக்க மனசு வராது. போன ஐப்பசியில் அப்படி ஒரு டிரெய்லர் வந்தது. முன்வண்டியில் இரண்டு அச்சு, ஆறு டயர். பின்னால் 40 அடித் தட்டு டிரெய்லர், மூன்று அச்சு, பன்னிரண்டு டயர். எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் இரும்புக் காயில் (உருளையாகச் சுருட்டிய இரும்புத் தகடு) ஏற்றிக்கொண்டு வேலூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாகக் கோயம்புத்தூருக்குப் போகிற வண்டி. எட்டு மாதத்தில் ஹவுசிங் பக்கம், அதாவது இன்ஜின் இழுக்கிற பின் அச்சில், மூன்று டயர் வெடித்திருந்தது. மெயின் பட்டை இரண்டு முறை முறிந்தது. மூன்றாவது முறையாக இப்போது.

"ஓவர்லோடு ஓட்டுறீங்களா?" என்று கேட்டேன். முதலாளிக்குக் கோபமே வந்துவிட்டது. பையிலிருந்து எடைச் சீட்டுக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒரு சீட்டு 45 டன்னைத் தாண்டியிருந்தாச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார். புரட்டிப் பார்த்தேன். 42 டன், 43 டன், ஒன்று 43.6. அவருடைய ஆர்.சி.யில் இருக்கும் அளவு 45.5 டன். மனுஷன் சொன்னது முழுக்க உண்மை.

ஆனால் டயர் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஹவுசிங் டயர் நான்கிலும் ஓரங்கள் நடுவைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தன. காற்று குறைவாக ஓடினாலும், பாரம் கூடினாலும் டயர் இப்படித்தான் தேயும். காற்றைத் தினமும் பார்ப்பதாக டிரைவர் சத்தியம் செய்தார், அவரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். டிரெய்லரின் பன்னிரண்டு டயரும் ஒரே சீராக, நன்றாகவே இருந்தன. ஆக, பாரம் எங்கோ கூடியிருக்கிறது. மொத்தத்தில் கூடவில்லை என்றால், ஒரே அச்சில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். 45.5 டன் என்பது மூன்று எண்களைக் கூட்டி வந்தது: முன் அச்சு 7, ஹவுசிங் 11.5, டிரெய்லரின் மூன்று அச்சுக்கும் சேர்த்து 27. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடையை உயர்த்தியபோது, நான்கு டயர் அச்சு 10.2 டன்னிலிருந்து 11.5 ஆனது, மூன்று அச்சுத் தொகுதி 24லிருந்து 27 ஆனது. நம் ஆட்கள் கூட்டுத்தொகையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 58ஆம் பிரிவில், ஒவ்வொரு அச்சுக்கும் உரிய எடையை ஆர்.சி.யில் தனியாக எழுத வேண்டும் என்று இருக்கிறது. பாரம் மீறினால் 194ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, அதற்கு மேல் சரக்கை இறக்கிவைக்கும் செலவு. சாலையில் பெரும்பாலும் மொத்த எடையைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் அச்சைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பட்டையும் டயரும் மட்டும் ஒவ்வொரு நடையிலும் அதை எடை போட்டுக்கொண்டிருக்கின்றன.

முதலில் வெறும் வண்டி

பட்டையை மாற்றிக் கட்டிய கையோடு வெறும் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிப்போனோம். அச்சு எடை பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, சாதாரண எடை மேடையே போதும். முன் அச்சை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை. இன்னும் முன்னே நகர்த்தி, முன்வண்டியின் இரண்டு அச்சும் மேடையில், டிரெய்லர் சக்கரம் வெளியே, இன்னோர் எடை. அப்புறம் முழு வண்டியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒவ்வொரு அச்சின் எடையும் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வண்டியை நியூட்ரலில் போட்டு பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்தபடி நின்றால் பட்டைகள் இறுகிக்கொண்டு எடையைத் தப்பாகத் தள்ளும். மேடைக்கு முன்னும் பின்னும் தரை அதே மட்டத்தில் இருக்க வேண்டும், சரிவில் பாதி வண்டி நின்றால் கணக்கு கெட்டுப்போகும். டீசல் டேங்க் நிரம்பியிருப்பதும் நல்லது, வழியில் அது குறையத்தான் செய்யும்.

வெறும் வண்டி: முன் அச்சு 4,830, ஹவுசிங் 3,780, டிரெய்லர் அச்சுகள் 5,400. மொத்தம் 14,010 கிலோ. காகிதக் கணக்குப்படி இன்னும் 31,490 கிலோ ஏற்றலாம்.

அப்புறம் டேப்பை எடுத்தோம். டிரெய்லரை முன்வண்டியோடு பூட்டுகிற முளைக்குக் கிங் பின் என்று பெயர். அந்தக் கிங் பின்னிலிருந்து மூன்று அச்சின் நடு அச்சு வரைக்கும் சரியாக 8 மீட்டர். கிங் பின்னுக்கு முன்னால் தட்டு 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்வண்டியில் முன் அச்சுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே 3.6 மீட்டர். முன்வண்டியில் கிங் பின் போய்ப் பூட்டிக்கொள்ளும் ஃபிஃப்த் வீலின் நடு, ஹவுசிங்குக்கு 45 சென்டிமீட்டர் முன்னால்.

இந்த நான்கு அளவு கையில் இருந்தால் போதும். டிரெய்லர் என்பது இரண்டு பேர் தோளில் தூக்குகிற மூங்கில். ஒரு முனையில் கிங் பின், மறுமுனையில் டிரெய்லர் அச்சுகள். தொங்கவிட்ட சுமை யார் பக்கம் நெருங்குகிறதோ அவர் தோள்தான் வலிக்கும். சுமையை எட்டு மீட்டரில் ஒரு மீட்டர் நகர்த்தினால் அதன் எடையில் எட்டில் ஒரு பங்கு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போகும். டன் கணக்கில் சொன்னால், ஒரு டன்னை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தினால் கிங் பின்னில் 125 கிலோ குறையும். கிங் பின்னில் இறங்குகிற பாரத்தை முன்வண்டி தன் இரண்டு அச்சுக்கும் பிரித்துக்கொள்ளும். 360க்கு 45 என்றால் அங்கேயும் எட்டில் ஒரு பங்கு முன் அச்சுக்கு, மீதி ஏழு பங்கும் ஹவுசிங்குக்கு. இரண்டு இடத்திலும் எட்டு வந்தது இந்த வண்டியில் தற்செயலாக அமைந்தது. உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் டேப் பிடிக்க வேண்டும்.

எண்ணூரில் அந்தச் சாயங்காலம்

அடுத்த லோடுக்கு நானும் கூடப் போனேன். மூன்று காயில்: 10.2 டன், 9.6 டன், 9.2 டன். மொத்தம் 29 டன். நான் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்று, வழக்கமாக எப்படி ஏற்றுகிறார்கள் என்று பார்த்தேன். கிரேன்காரர் பெரிய காயிலை முன்னால் கொண்டுவந்து வைத்தார். நடுவில் 9.6. பின்னால் 9.2. பார்க்க அழகாக, தட்டின் நடுவை ஒட்டிப் பரப்பி வைத்தது போலத்தான் இருந்தது. லோடுமேன்கள் ஆப்பு அடித்து, காயிலின் கண் வழியாகச் சங்கிலி விட்டு இறுக்கினார்கள். இறுக்கி முடித்ததும் கிங் பின்னிலிருந்து ஒவ்வொரு காயிலின் நடுவுக்கும் அளந்து சாக்பீஸால் தட்டின் ஓரத்தில் எழுதினேன்: 2.5, 5.2, 7.6.

வெளியே இருந்த எடை மேடைக்குப் போனோம். முன் அச்சு 6,190. முன்வண்டி இரண்டு அச்சும் 19,480. முழு வண்டி 43,020. சரிபார்க்க டிரெய்லர் அச்சுகளை மட்டும் தனியாக ஏற்றியபோது 23,600 காட்டியது. கழித்து வந்த 23,540க்கும் இதற்கும் 60 கிலோதான் வித்தியாசம். மேடையின் ஓரம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அதற்கு இது பரவாயில்லை.

டிரைவர் சீட்டை வாங்கி, தன் போனில் கழித்தார். 19,480லிருந்து 6,190. 13,290. இன்னொரு முறை கழித்துப் பார்த்தார். "அண்ணா, இது ஹவுசிங் மட்டுமா?" என்றார். ஆமாம், ஹவுசிங் மட்டும். 11,500 இருக்க வேண்டிய இடத்தில் 13,290. டயர் ஒன்றுக்கு 2,875 கிலோ வர வேண்டியது 3,320க்கு மேல் வருகிறது. மொத்த எடையில் இன்னும் இரண்டரை டன் இடம் இருக்கிறது, டிரெய்லர் அச்சுகள் மூன்றரை டன் காலியாகப் போகின்றன, ஒரே ஓர் அச்சு 1,790 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. எட்டு மாதமாக இதே அமைப்பில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கிருஷ்ணகிரி வெயிலில் சூடேறிய டயரோடு தொப்பூர் கணவாய் இறங்கியிருக்கிறார்கள். அந்த இறக்கத்தைப் பற்றி நம் பக்கத்து லாரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த 13,290ஐப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சாலைக்கும் இது கெடுதல்தான். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டியே ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அச்சு எடை கூடும்போது சாலைச் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் படியில் ஏறுகிறது என்பது அதிலிருந்து கிடைத்த கணக்கு. அதன்படி 11.5க்குப் பதில் 13.29 என்றால், அந்த ஓர் அச்சு தார்ச்சாலைக்குச் செய்கிற சேதம் 1.8 மடங்கு.

ஏன் பெரிய காயிலை முன்னால் வைக்கிறார்கள்? கிரேன்காரரிடம் கேட்டேன். "முன்னாடி பாரம் இருந்தாத்தான் சார் வண்டி இழுக்கும்" என்றார். டிரைவர் இன்னொரு காரணம் சொன்னார்: காயில் கேபினை விட்டுத் தள்ளி இருந்தால், சடன் பிரேக் அடிக்கும்போது வேகம் எடுத்து வந்து இடிக்கும், ஒட்டி இருந்தால் இடிக்காது. இரண்டு பேச்சிலும் ஒரு துளி உண்மை உண்டு. ஹவுசிங்கில் போதிய பாரம் இல்லாவிட்டால் மழையில் மேடு ஏறும்போது சக்கரம் சும்மா சுற்றும். ஆனால் 10 டன் இழுவைக்குப் போதாது, 13 டன் வேண்டும் என்று எந்த வண்டியும் கேட்காது. காயில் பயமும் நியாயமான பயம், அதில் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பத்து டன் உருளையை முன்தடுப்புத் தகடு நிறுத்தாது, ஒட்டி இருந்தாலும் நிறுத்தாது. சங்கிலியும் ஆப்பும் அடியில் போடும் ரப்பரும்தான் நிறுத்த வேண்டும். அந்த மூன்றும் சரியாக இருந்தால் காயில் ஒரு மீட்டர் பின்னால் இருப்பதால் ஆபத்து கூடாது.

எவ்வளவு நகர்த்துவது

ஹவுசிங்கில் 1,790 குறைத்தால் சட்டத்துக்குள் வரும். விளிம்பில் நிற்க எனக்கு இஷ்டமில்லை, 2,200 குறைப்போம் என்று முடிவு செய்தேன். ஹவுசிங்கில் 2,200 குறைய வேண்டுமென்றால் கிங் பின்னில் ஏறக்குறைய 2,500 குறைய வேண்டும். எட்டால் பெருக்கினால் 20. அதாவது "டன் பெருக்கல் மீட்டர்" 20 வருகிற மாதிரி காயில்களைப் பின்னால் தள்ள வேண்டும்.

கிரேன்காரருக்கு ஒரே தூக்கில் வேலை முடிய வேண்டும். பின்னால் இருக்கிற 9.2 டன் காயிலை மட்டும் 2.2 மீட்டர் பின்னால் வைத்தால் 20 வந்துவிடும். கணக்கு சரிதான், நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் அப்போது அந்தக் காயில் கிங் பின்னிலிருந்து 9.8 மீட்டரில், கடைசி அச்சையும் தாண்டி உட்காரும். பின்வாலில் ஒன்பது டன் தொங்கினால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் சேஸிஸ் நடுவில் முறுக்கிக்கொள்ளும். சேஸிஸ் வெடிப்பை வெல்டு அடிக்கிற வேலையும் என் பட்டறைக்குத்தான் வரும், அதன் வேதனை எனக்குத் தெரியும்.

அதனால் இரண்டு தூக்கு. முன் காயில் ஒரு மீட்டர் பின்னால், 2.5லிருந்து 3.5க்கு. அது 10.2. பின் காயில் 1.1 மீட்டர் பின்னால், 7.6லிருந்து 8.7க்கு. அது 10.1. கூட்டினால் 20.3. நடுக் காயிலைத் தொடவே இல்லை. காயிலின் விட்டம் 1.3 மீட்டர்தான், முன் காயிலுக்கும் நடுக் காயிலுக்கும் இடையே கை விடும் அளவுக்கு இடம் மிஞ்சியது. பின் காயில் டிரெய்லர் அச்சுகளின் மேலேயே நிற்கிறது, வாலில் தொங்கவில்லை.

யார்டில் மறுபடி கிரேன் கிடைக்க இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். யார்டு மேலாளர் "எடைதான் சரியா இருக்கே, எதுக்கு மறுபடி?" என்று மூன்று தடவை கேட்டார். அவரிடம் மூன்று சீட்டையும் வரிசையாக வைத்துக் காட்டியதும் பேசாமல் கிரேனை அனுப்பினார். லோடுமேன்களுக்கு முதலாளி தனியாகக் கூலி கொடுத்தார், கொடுத்தது நியாயம். கட்டிய சங்கிலியை அவிழ்த்து, ஆப்பைப் பிடுங்கி, மறுபடி கட்டுவது லேசான வேலை இல்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி எடை மேடை. முன் அச்சு 5,880. முன்வண்டி 16,950. முழு வண்டி அதே 43,020. ஹவுசிங் 11,070. டிரெய்லர் அச்சுகள் 26,070. ஒரு கிலோகூட இறக்கவில்லை. இரண்டு காயில், ஒரு மீட்டர் சொச்சம்.

திரும்பி வந்த பிறகு

கணக்கை நிதானமாகப் போட்டபோது, நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. இந்த வண்டியில் 29 டன் ஏற்றினால், சரக்கின் ஈர்ப்பு மையம் கிங் பின்னிலிருந்து 5.57 மீட்டருக்கும் 5.96 மீட்டருக்கும் நடுவில் விழ வேண்டும். அதற்கு முன்னால் விழுந்தால் ஹவுசிங் தாண்டும், பின்னால் விழுந்தால் டிரெய்லர் 27ஐத் தாண்டும். 40 அடித் தட்டில் வெறும் 39 சென்டிமீட்டர்! தட்டின் நடுவோ 5.2 மீட்டரில் இருக்கிறது. ஆக, "தட்டின் நடுவில் பரப்பி வை" என்று காலம் காலமாகச் சொல்லிவருகிறோமே, அப்படி வைத்தாலே ஹவுசிங் தாண்டிவிடும். பாரம் ஏற ஏற இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். 30.4 டன்னில் அது ஒரு புள்ளியாகி 5.7 மீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிறது.

இதற்கு என்ன அர்த்தம்? காகிதத்தில் 31.49 டன் ஏற்றலாம் என்று இருந்தாலும், இந்த வண்டி சட்டப்படி 30.4 டன்னுக்கு மேல் சுமக்க வழியே இல்லை. ஏனென்றால் முன் அச்சு 7 டன்னைத் தொடுவதே இல்லை. மற்ற இரண்டும் நிரம்பியபோதும் அது 5.9 டன்னில்தான் நிற்கிறது. அந்த ஒரு டன் சொச்சம் காகிதத்தில் மட்டும் இருக்கிற இடம். முதலாளிக்கு இதைச் சொன்னபோது முகம் வாடியது. ஒவ்வொரு நடைக்கும் அந்த ஒரு டன்னுக்கும் சேர்த்து வாடகை பேசுகிறவர் அவர்.

ஃபிஃப்த் வீலைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பூட்டினால் முன் அச்சு கூடுதலாக வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால்கூட அன்றைக்கு முதலில் ஏற்றிய விதத்தில் ஹவுசிங் 12.7 டன்னுக்கு மேலேதான் இருந்திருக்கும். டிரெய்லரின் மூக்கு கேபினில் இடிக்குமா, திரும்பும்போது இடம் போதுமா என்று கம்பெனிக்காரர்களைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. என் பட்டறையில் நான் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அமெரிக்க டிரெய்லர்களில் பின் அச்சுத் தொகுதியையே பின்னைக் கழற்றி முன்னும் பின்னும் நகர்த்தலாம். அங்கே முன் அச்சு 12,000 பவுண்டு, இழுவை அச்சு இரண்டுக்கும் 34,000, டிரெய்லருக்கு 34,000, கூட்டினால் 80,000 என்று டிரைவர்களுக்கு மனப்பாடம். நெடுஞ்சாலையோர எடை மேடை ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி எண் அச்சடித்துக் கொடுக்கும். எண் தப்பாக இருந்தால் ஓரத்தில் நிறுத்தி, ஒரு துளை இரண்டு துளை நகர்த்தி, மறுபடி எடை போட்டுவிட்டுப் போவார்கள். நம் தட்டு டிரெய்லர்களில் அச்சு அசையாது, சரக்கைத்தான் நகர்த்த வேண்டும். அதுவும் கிரேன் பக்கத்தில் இருக்கும்போதே.

அதனால் தட்டின் இரண்டு ஓரத்திலும், கிங் பின்னிலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வெள்ளைக் கோடும் எண்ணும் பெயிண்டில் எழுதிக்கொடுத்தோம். 5.57லிருந்து 5.96 வரை மட்டும் மஞ்சள் பெயிண்ட். டிரைவருக்கு ஒரு நோட்டில் கணக்கு எழுதிக்கொடுத்தேன்: காயில் எடையை அது நிற்கும் மீட்டரால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, மொத்த எடையால் வகு, மஞ்சளில் விழுகிறதா பார். பத்தாவது முடித்தவர், இரண்டு தடவை போட்டுக் காட்டியதும் பிடித்துக்கொண்டார். கிரேன்காரர் சொன்னால் கேட்கமாட்டார் என்ற பயம் அவருக்கு இருந்தது. கோடு போட்ட பிறகு அந்தப் பேச்சு எழவில்லை, "மூணரையில வைங்க" என்றால் வைத்துவிடுகிறார்கள்.

ஒரு வேலை இன்னும் பாக்கி. எட்டு மாதம் ஹவுசிங் பட்டை தாழ்ந்தே ஓடியதால் டிரெய்லர் மூக்கைக் கவிழ்த்தபடி போயிருக்கிறது. மூன்று அச்சில் முதல் அச்சு மற்ற இரண்டைவிட அதிகம் வாங்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். அதன் தொங்கு புஷ்களைக் கழற்றிப் பார்க்க அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு எண்ணூரிலிருந்து டிரைவர் கூப்பிட்டார். அன்றைக்கு நான்கு காயில், அளவு எல்லாம் வேறு வேறு. "ஹவுசிங் 11,240, டிரெய்லர் 25,900. கிளம்பட்டுமா அண்ணா?" என்று கேட்டார். கிளம்பச் சொன்னேன்.